ஒன்றரை அடியில் பதினோரு பேர்

கண்டக்டர் ஓய்வு பெற்ற நாளில் அவரைப் பற்றி இரண்டு விஷயங்கள் சொன்னார்கள். முப்பத்தோரு வருஷத்தில் ஒருவரையும் அவர் நடுவழியில் இறக்கிவிட்டதில்லை என்றார் டிப்போ மேலாளர். தூங்கிப்போன ஒருவரையும் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போக விட்டதில்லை என்றார் டிரைவர்.

"எவ்வளவு நெரிசலா இருந்தாலும் நாலு வரிசை தாண்டி வந்து தோளைத் தட்டுவார். 'உங்க ஸ்டாப்'னு மட்டும் சொல்வார். குடிச்சவன்கூட கும்பிட்டுட்டு இறங்குவான்."

கண்டக்டரின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவியை மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். பேச்சின் மேல் குற்றமில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணி. அது அவளுக்கு நடுநிசி.

அவள் ஒரு தினசரிப் பத்திரிகையில் பிழை திருத்துபவள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆபீஸ் வேன் வந்து கூட்டிப்போகும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கொண்டுவந்து விடும். காலை ஆறு மணிக்குப் படுத்தால் பகல் இரண்டு மணிவரை தூக்கம். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். கண்டக்டருக்கோ காலை ஐந்தேகாலுக்கு முதல் வண்டி. அவள் வேனிலிருந்து இறங்கும்போது அவர் சைக்கிளில் ஏறுவார். "சாப்பாடு?" என்று ஒருவர் கேட்பார். "மேடைமேல" என்று மற்றவர் சொல்வார். அதுதான் இல்லறம்.

அதனால் ஓய்வு பெற்றதும் கண்டக்டர் ஒரே ஒரு ஆசை வைத்திருந்தார். பகல் இரண்டு மணிக்கு அவள் எழுந்து வருவாள், இரண்டு தட்டு வைத்து எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

முதல் மூன்று வாரம் அது நடந்தது. நான்காவது வாரம் பக்கத்து மனையில் மாடி வீடு கட்டி முடித்து வெள்ளையடித்தார்கள்.

அந்த வீட்டுக்காரர் பெயின்ட் கடை வைத்திருப்பவர். தன் கடையிலேயே உயர்ந்த வெள்ளையை எடுத்து அடித்திருந்தார். காலை எட்டு மணிக்கு வெயில் அந்தச் சுவரில் பட்டது. பட்ட வெயில் அப்படியே திரும்பி, கண்டக்டர் வீட்டுப் படுக்கையறை ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கட்டிலில் படுத்திருந்தவளின் கண்ணில் உட்கார்ந்துகொண்டது.

"பத்து வருஷம் ஆனாலும் மங்காது சார்" என்றார் பெயின்ட் கடைக்காரர்.

"அதுக்குள்ள என் பொண்டாட்டி மங்கிடுவா" என்றார் கண்டக்டர்.

தடித்த திரை போட்டுப் பார்த்தார்கள். காற்று நின்றது. "இட்லிப் பானைக்குள்ள படுத்த மாதிரி இருக்குங்க" என்று அவள் எழுந்து வந்தாள். கண்ணில் ஈரத் துணி கட்டிப் பார்த்தாள். துணி காயும்போது விழிப்பு வந்தது. பத்தாவது நாள் பத்திரிகையில் இரண்டு விளம்பரங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஒன்று, பணி ஓய்வு பெறும் தலைமைக் குமாஸ்தாவுக்கு வாழ்த்து. மற்றது, காலமான மர வியாபாரிக்கு அஞ்சலி. படங்கள் சரியாக இருந்தன. கீழே உள்ள வரிகள் இடம் மாறியிருந்தன. குமாஸ்தாவுக்கு ஆழ்ந்த இரங்கல். மர வியாபாரிக்கு, 'இனி நிம்மதியாக ஓய்வெடுங்கள்'.

மர வியாபாரி வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. குமாஸ்தா நேரில் வந்தார்.

அவளுக்கு மெமோ கொடுத்தார்கள். இன்னொரு தடவை நடந்தால் வீட்டுக்குப் போகலாம். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

"ரிட்டையர் ஆனவனுக்கு இரங்கல் சொன்னது தப்பே இல்ல" என்றார் கண்டக்டர், ஆறுதலாக.

"உங்க சேதியைப் போட இடம் விட்டு வெக்கட்டுமா?" என்றாள் அவள். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "எனக்குத் தூக்கம் வேணுங்க. நகை வேணாம், நட்டு வேணாம். அந்தச் சுவரு என் கண்ணுல படாம ஏதாவது பண்ணுங்க. காத்தும் வரணும்."

படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே பின்கட்டுக்குப் போகிற நடைபாதை இரண்டரை அடி. அதைத் தாண்டி மதில். மதிலடியில் ஒரு மண் பாத்தி. கண்டக்டர் அளந்தார். நீளம் இருபத்திரண்டு அடி. அகலம் ஒன்றரை.

செடிக்கடை நடத்துகிற அம்மாள் அளவைக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "அது பாத்தி இல்ல சார், நாடா."

"உயரமா வளரணும். நிழல் தரணும். சீக்கிரம் வேணும்."

"அகலமா வளரக்கூடாதுங்கிறதைச் சொல்ல மறந்துட்டீங்க." அவள் ஒரு தொட்டியை முன்னால் நகர்த்தினாள். மூங்கில் போலக் கணுக்கணுவாக மெல்லிய தண்டு. உச்சியில் மட்டும் இலை. "மூங்கில் பனை. நெட்டையாப் போகும், பக்கத்துல கை நீட்டாது. ஜன்னலுக்கு நேரா மூணு வைங்க. ஒரு வருஷம் பொறுங்க. முடிஞ்சுது."

கண்டக்டர் அந்தச் செடியைப் பார்த்தார். மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒடுங்கி நிற்கிற பயணியைப் போல இருந்தது. நல்ல பயணிதான். ஆனால் இருபத்திரண்டு அடிக்கு மூன்று பேரா?

"மூணுதானா?"

"மூணுதான்."

"அம்மா, ஐம்பத்திரண்டு சீட்டுல தொண்ணூறு பேரை ஏத்தினவன் நான். 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு சொன்னா இடம் தன்னால வரும்."

"செடிகிட்ட சொல்லிப் பாருங்க" என்றாள் அவள்.

அவர் கடைக்குள் நடந்தார். வெப்பநாட்டுச் செடிகள் எல்லாம் பச்சையும் சிவப்புமாகக் கூட்டமாக நின்றன. காலை எட்டரை மணி பஸ் நிறுத்தத்தைப் பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு. யாரை விட்டுவிட்டுப் போவது? இரண்டு வாழை ஏறின. சிவப்பும் மஞ்சளுமாகக் கிளி மூக்கு போல் பூ விடுகிற ஹெலிகோனியா இரண்டு. கல்வாழை இரண்டு. யானைக் காது மாதிரி இலையுள்ள சேம்பு ஒன்று. மூங்கில் பனை மூன்றையும் எடுத்துக்கொண்டார், சொன்ன சொல்லுக்கு மரியாதையாக.

கடைசியில், கையை விரித்தாற்போல இலைகளை ஒரே வரிசையில் விரித்துக்கொண்டு ஒரு செடி நின்றது. இரண்டடி உயரம்.

"அது வேணாம் சார். விசிறி வாழை. வீட்டை விடப் பெரிசா வரும்."

"தட்டையா இருக்கே. சுவரோட ஒட்டி நிக்காதா?"

"நிக்கும். ஆனா முதுகைச் சுவருக்குக் காட்டி வெக்கணும். அப்பதான் சுவரோட விரியும்." நல்ல வியாபாரி பேச்சை இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். அவள் நிறுத்தவில்லை. "சில ஊர்ல இதைப் பயணி மரம்னு சொல்வாங்க. மட்டையில தண்ணி நிக்கும். வழியில போறவங்க குடிப்பாங்களாம்."

"என்ன மரம்?"

"பயணி மரம்."

"ஏத்துங்க" என்றார் கண்டக்டர்.

மறுநாள் பதினோரு குழி தோண்டினார். உயரமானவர்கள் பின்னால், குட்டையானவர்கள் முன்னால். இருவருக்கு நடுவில் ஒரு சாண். எல்லாச் செடிகளையும் வாசல் கேட்டைப் பார்த்து வைத்தார். விசிறி வாழையைக் கையில் எடுத்தபோது ஒரு நிமிஷம் யோசித்தார். முதுகைச் சுவருக்குக் காட்டி வைக்கச் சொன்னாளே. பஸ்ஸில் எல்லா சீட்டும் டிரைவரைப் பார்த்துத்தான் இருக்கும். மற்ற பத்துப் பேரும் முன்னால் பார்க்கும்போது ஒருவனை மட்டும் பக்கவாட்டில் உட்காரவைத்தால் அவனுக்குத் தலை சுற்றும். அதையும் கேட்டைப் பார்த்து வைத்தார். கடைசிச் செடிக்கு மண் அணைத்துவிட்டு எழுந்து நின்று, வண்டியைக் கிளப்புகிற பழக்கதோஷத்தில் மதிலை இரண்டு தட்டு தட்டினார்.

மழை வந்தது. வாழையும் கல்வாழையும் போட்டி போட்டுக்கொண்டு எழுந்தன. நான்கு மாதத்தில் ஜன்னல் பச்சையாகிவிட்டது. அறைக்குள் விழுந்த வெளிச்சம் குளத்தடி வெளிச்சம் மாதிரி இருந்தது. அவள் தூங்கினாள். இரண்டு மணிக்கு எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். "ரசத்துல உப்பு இல்ல" என்றாள். அவருக்கு அது பாராட்டு விழாவை விட நன்றாக இருந்தது.

அந்த வருஷம் போயிற்று. அடுத்த மழையில் வண்டி நிரம்பிவிட்டது.

வாழை குட்டி போட்டது. கல்வாழை குட்டியின் குட்டி போட்டது. ஹெலிகோனியா யாரையும் கேட்காமல் நடைபாதைக்கு வந்து நின்றது. சேம்பு இலையில் விழுந்த மழைத் தண்ணீர் நிறைந்து நிறைந்து தொபக்கென்று கவிழ்ந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, யாரோ செம்பில் ஊற்றுகிற மாதிரி. மூங்கில் பனை மூன்றும் எங்கே என்றே தெரியவில்லை. காஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் பின்கட்டுக்குப் போக முடியாமல் சிலிண்டரைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். "உள்ள போங்க, உள்ள போங்க" என்றார் கண்டக்டர். "எங்க சார் உள்ள?" என்றான் அவன்.

இவை எல்லாவற்றையும் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். விசிறி வாழைதான் விஷயத்தைக் கெடுத்தது.

கேட்டைப் பார்த்து உட்கார்ந்த விசிறி இப்போது எட்டடி உயரம். அதன் ஒரு பக்கத்துக் கைகள் மதிலைத் தாண்டிப் பெயின்ட் கடைக்காரர் சுவரைத் தடவின. மறுபக்கத்துக் கைகள் நடைபாதையைக் கடந்து ஜன்னலுக்கு வந்தன. காற்றடித்தால் மட்டை ஜன்னல் கம்பியில் தட்டியது. டக். டக் டக். சரியாக மனிதர்கள் கதவைத் தட்டுகிற மாதிரி.

"யாரு?" என்று அவள் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

ஒரு நாள் காலையில் ஏழு தடவை "யாரு?" என்று கேட்டாள். எட்டாவது தடவை எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து, "வேணாம்ப்பா, போன வாரம்தான் வாங்கினோம்" என்று வெறும் தெருவிடம் சொல்லிவிட்டு வந்து படுத்தாள். கண்டக்டர் மட்டையைக் கயிற்றால் இழுத்துக் கட்டினார். இரண்டு நாளில் புது மட்டை வந்து தட்டியது.

அந்த வாரம் அவள் திருத்திய பக்கத்தில் பால் விலையும் பெட்ரோல் விலையும் இடம் மாறி விலைப் பெட்டிக்குள் போயிருந்தன. அச்சுக்குப் போகும்முன் வேறொருவர் கண்ணில் பட்டது. அவருக்குப் பெட்ரோல் அவ்வளவு மலிவாக இருந்ததில் சந்தேகம் வந்திருக்கிறது.

மறுநாள் காலை வேனிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குள் வந்தாள், தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்தாள், செருப்பை மாட்டினாள்.

"எங்க?"

"தங்கச்சி வீட்டுக்கு. ஜன்னலே இல்லாத ரூம் ஒண்ணு இருக்காம்."

"எத்தனை நாளைக்கு?"

"அது உங்க பயணிங்களைக் கேளுங்க."

இப்படித்தான் தினமும் காலை ஐந்தரைக்கு ஒரு பெண்மணி தலையணையோடு தெருவில் நடந்து போவதும், சாயங்காலம் அதே தலையணையோடு திரும்பி வருவதும் வழக்கமாயிற்று. மூன்றாம் நாள் பெயின்ட் கடைக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"என்ன சார், வீட்ல சண்டையா?"

"இல்ல. செடி."

"செடியோடயா சண்டை?"

அதற்குள் நடுவில் ஒரு வாழை இலை வந்து மறைத்துக்கொண்டது.

மைத்துனி போன் செய்தாள். "அத்தான், அக்கா நல்லாத் தூங்கறா. எழுந்ததும் இங்கயே சாப்பிட்டுடறா. நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"செடிக்குத் தண்ணி ஊத்தினேன்."

"அதைக் கேக்கல அத்தான்."

இரண்டு மணிக்கு அவர் ஒரே ஒரு தட்டு வைத்துச் சாப்பிட்டார். ரசத்தில் உப்பு சரியாக இருந்தது. அதைச் சொல்ல ஆள் இல்லை.

ஒரு வாரம் கழித்துச் செடிக்கடைக்குப் போனார்.

"விசிறி வாழை ஜன்னலைத் தட்டுதும்மா."

"முதுகைச் சுவருக்குக் காட்டித்தானே வெச்சீங்க?"

"இல்ல. கேட்டைப் பார்த்து."

"ஏன்?"

"பயணின்னா முன்னாடிதானே பார்க்கணும்."

அவள் பக்கத்திலிருந்த காலித் தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இப்பத் திருப்பி வெக்கலாமா?" என்று கேட்டார்.

"எட்டடி உயரத்துக்கு அப்புறமா? அந்த இடத்துல எப்படித் திருப்பினாலும் இடிக்கும். மத்த எட்டையும் எடுத்துடுங்க சார். மூங்கில் பனை மூணு மட்டும் நிக்கட்டும். நான் அன்னிக்கே..."

"எட்டுப் பேரையா?"

"வெட்டிப் போட்டா மாடு திங்கும்."

கண்டக்டர் வீட்டுக்கு வந்து அரிவாளை எடுத்துக்கொண்டு பாத்தி முன்னால் நின்றார். முதல் வாழையின் கழுத்தருகே ஓங்கினார். அது புது இலை ஒன்றைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தது, டிக்கெட்டைச் சுருட்டி வைத்திருக்கிற மாதிரி. அரிவாளைத் தாழ்த்தினார். ஏற்றியது யார்? உள்ளே போகச் சொன்னது யார்? கூட்டம் அதிகமாகிவிட்டது என்று பாதி வழியில் இறக்குகிற கண்டக்டர்களை அவருக்குத் தெரியும். அவர்களோடு அவர் டீ குடித்ததில்லை.

அரிவாளை வைத்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தார். அவளுடைய பக்கத்தில் தலையணை இருந்த இடம் காலியாக இருந்தது. டக் டக் என்றது ஜன்னல்.

"யாரு?" என்றார் கண்டக்டர்.

பிறகுதான் அது தோன்றியது. நடுவழியில் இறக்கினால்தானே தப்பு. ஸ்டாப்பில் இறக்கினால்?

மறுநாள் கடப்பாரையும் சாக்கும் எடுத்தார். எட்டுச் செடிகளையும் வேரோடு பெயர்த்தார். குட்டிகளைப் பெயின்ட் கடைக்காரருக்குக் கொடுத்தார். "உங்க சுவருக்குக் கொஞ்சம் நிழலா இருக்கும்" என்றார். விசிறி வாழையின் மட்டைகளைக் குடை மடிக்கிற மாதிரி ஒன்றுசேர்த்துக் கட்டினார். பகல் பதினொன்றே காலுக்கு அவருடைய பழைய தடத்து பஸ் கூட்டமில்லாமல் வரும். தெருமுனையில் எட்டுப் பேரையும் வரிசையாக நிற்கவைத்துக் காத்திருந்தார்.

புதுக் கண்டக்டர் ஒரு பெண். விசில் கழுத்தில் தொங்கியது. செடிகளையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"லக்கேஜ் டிக்கெட் போடணும் சார்."

"எட்டும் போடு. டிக்கெட் இல்லாம என் பஸ்ல எதுவும் ஏறாது."

"உங்க பஸ்ஸா?"

"உன் பஸ்ல" என்றார்.

ஒவ்வொரு டிக்கெட்டையும் ஒவ்வொரு தண்டில் கட்டினார். விசிறி வாழையைக் கடைசி நீள சீட்டில் படுக்க வைத்தார். வாழைகளுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. மூன்றாவது நிறுத்தத்தில் ஏறின ஒரு பெரியவர், "யாருங்க இந்த வாழையை சீட்டுல உட்கார வெச்சது? எனக்கு முட்டி வலி" என்றார்.

"டிக்கெட் எடுத்திருக்காங்க" என்றாள் புதுக் கண்டக்டர். "பக்கத்துல உட்காருங்க. ஒண்ணும் பேச மாட்டாங்க." கண்டக்டருக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

மரக்கடை நிறுத்தத்தில் வாழை இரண்டும் இறங்கின. கடைக்குப் பின்னால் வாய்க்கால் உண்டு, ஆட்களும் தெரிந்தவர்கள். பள்ளிக்கூட நிறுத்தத்தில் கல்வாழைகளை வாட்ச்மேன் வாங்கிக்கொண்டார். வங்கி வாசலில் வெறும் சிமென்ட் தொட்டிகள் பல வருஷமாக சிகரெட் துண்டுகளை வளர்த்துக்கொண்டிருந்தன. ஹெலிகோனியா அங்கே இறங்கியது. ரயில்வே கேட்டில் சேம்பு. மழையில் தலைக்குப் பிடிக்க ஒரு இலை வேண்டும் என்று கேட்காரர் பல தடவை கேட்டிருக்கிறார், விளையாட்டாகத்தான்.

ஒவ்வொரு இடத்திலும் கண்டக்டர் தண்டைத் தட்டி, மற்றவர்கள் காதில் விழாமல், "உங்க ஸ்டாப்" என்றார்.

விசிறி வாழை கடைசி நிறுத்தம். டிப்போவின் நடுவில், வண்டிகள் சுற்றித் திரும்புகிற வட்டத்தில் வெறும் மண் கிடந்தது. மெக்கானிக்குகள் நான்கு பேர் குழி தோண்டினார்கள்.

"எந்தப் பக்கம் பார்த்து வெக்கணும்?" என்று ஒருவர் கேட்டார்.

கண்டக்டர் சுற்றிலும் பார்த்தார். நான்கு பக்கத்திலிருந்தும் பஸ்கள் வந்துகொண்டிருந்தன.

"இங்க எப்படி வெச்சாலும் முன்னாடிதான்" என்றார்.

அன்று சாயங்காலம் அவள் தலையணையை வாசலிலேயே அவர் கையில் கொடுத்துவிட்டு வேனில் ஏறிவிட்டாள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு வேனிலிருந்து இறங்கியவள் தலையணையை எடுக்க உள்ளே போனாள். கண்டக்டர் அடுக்களையில் துடைத்த தட்டையே துடைத்துக்கொண்டு நின்றார். ஜன்னலுக்கு நேராக மூன்று மூங்கில் பனைகள் மட்டும் நின்றன. இவ்வளவு நாள் கூட்டத்தில் நசுங்கி, வேறு வழியில்லாமல் ஒன்பதடிக்கு மேல்நோக்கியே வளர்ந்திருந்தன. வெள்ளைச் சுவர் அவற்றின் பின்னால் கோடு கோடாகத் தெரிந்தது. நடுவில் காற்று வந்தது.

"எங்க போனாங்க எல்லாரும்?" என்றாள்.

"இறங்கிட்டாங்க."

அவள் தலையணையைத் திரும்பக் கட்டிலில் போட்டாள். ஆறு மணிக்குத் தூங்கிவிட்டாள்.

எட்டு மணிக்கு வெயில் சுவரில் பட்டது. அவர் எட்டிப் பார்த்தார். அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை. பத்து மணிக்குக் கீரை விற்கிறவளை வாசலிலேயே வாயில் விரல் வைத்து நிறுத்தினார். பெயின்ட் கடைக்காரர் சுவரில் ஆணி அடிக்க ஆரம்பித்தபோது மதிலேறிக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு மணிக்குச் சமையலை முடித்தார். இரண்டு மணிக்கு இரண்டு தட்டு வைத்தார். அவள் எழவில்லை. மூன்று மணி. நான்கு. அவருக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. இரண்டு தட்டையும் மூடிவைத்து, படுக்கையறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

ஆறு மணிக்கு ஆபீஸ் வேன் வந்து ஹாரன் அடித்தது.

அவள் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

"ஏங்க! எழுப்பக் கூடாதா? பன்னிரண்டு மணி நேரம் தூங்கியிருக்கேன்! முப்பத்தோரு வருஷமா ஊர்ல போற வர்ற குடிகாரனை எல்லாம் தோளைத் தட்டி எழுப்பினீங்களே, கட்டின பொண்டாட்டியை எழுப்பத் தெரியலையா?"

"நீ ஏறும்போது ஸ்டாப் சொல்லலையே" என்றார் கண்டக்டர்.

அவள் வாயைத் திறந்தாள். திட்டுவதற்குத்தான் திறந்தாள். அப்போது மூடிவைத்திருந்த இரண்டு தட்டும் கண்ணில் பட்டன. ஆறிப்போய், கை படாமல், எதிரெதிரே.

"நீங்களும் இன்னும் சாப்பிடலையா?"

"ரெண்டு மணி இன்னும் ஆகல."

அவள் கொண்டையை முடிந்துகொண்டே உட்கார்ந்தாள். ஒரு கை பிசைந்து வாயில் போட்டாள்.

"உப்பு இல்ல" என்றாள்.

வெளியே வேன் மறுபடியும் ஹாரன் அடித்தது. கண்டக்டர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். மூன்று மூங்கில் பனைகளுக்கு நடுவில் வாயை வைத்து, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த, பஸ்ஸை நிறுத்துகிற குரலில் கத்தினார்.

"ஹோல்டான்!"